அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் நான் முறுக்கிய கம்பி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. தளிப் பக்கம் ஒரு பண்ணை வீடு, பச்சைப் பசேலென்ற புல்தரை, நடுவே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியில் வீட்டுப் பெரியவர். அவர் மடியில் நான்கைந்து வயதுப் பேரன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். 'தாத்தாவோடு ஒரு சவாரி' என்று அடியில் எழுதியிருந்தீர்கள். என் மனைவி பார்த்துவிட்டு எவ்வளவு அழகு என்றாள். எனக்குக் கண் போனது பையனின் காலுக்கு. செருப்பில்லாத அந்தக் கால், புல் வெட்டும் பிளேடுகளை மூடியிருக்கும் டெக்கின் விளிம்புக்கு ஒரு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை கிழித்துப் போட்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இராயக்கோட்டைச் சாலையில் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். முதலில் கிணற்று மோட்டாரும் ஆயில் இன்ஜினும் பார்த்தேன். பிறகு பவர் டில்லர், மருந்தடிக்கும் பம்பு, தக்காளி ஏற்றும் வேன். 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது என் பட்டறைக்குப் புல்வெட்டும் வண்டி என்று ஒன்றுகூட வந்ததில்லை. புல்லை மாடுதான் வெட்டியது. அப்புறம் பெங்களூருக்காரர்கள் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி என்று வரிசையாக நிலம் வாங்கினார்கள். ராகி விளைந்த காட்டில் கொரியன் புல் முளைத்தது. தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்தார்களாம். இப்போதுதான் அதை மெய்யாக்கிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண மண்டபங்களும் தங்கும் விடுதிகளும் புல்தரை போட்டன. அந்த வண்டிகள் கெட்டுப்போனால் பெங்களூருக்கு எடுத்துப்போக வாடகை அதிகம் என்று என்னிடம் வர ஆரம்பித்தன.

வண்டியைப் பார்த்தால் பொம்மைக் கார் மாதிரி இருக்கும். ஆபத்தே அந்தத் தோற்றத்தில்தான் தொடங்குகிறது. மினி டிராக்டருக்குக் கிட்டே போகும் ஆள்கூட ஒரு அடி தள்ளி நிற்பான். இதற்கு யாரும் பயப்படுவதில்லை. வண்டியின் வயிற்றுக்கு அடியில் கவிழ்த்த அண்டா போல ஒரு தகரக் கூடு இருக்கிறது. அதைத்தான் டெக் என்கிறோம். அதற்குள் இரண்டோ மூன்றோ பிளேடுகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுற்றும். ஒன்றே முக்கால் அடி நீளப் பிளேடு என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பறக்கும் எந்தக் காரும் அதில் பாதி வேகம் போவதில்லை.

மடியில் பிள்ளையை வைத்து ஓட்டினால் என்ன ஆகிவிடும், மெதுவாகத்தானே போகிறோம் என்று கேட்பார்கள். ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் பெரியவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பாரா, பிள்ளையைப் பிடிப்பாரா? கீழே விழும் பிள்ளைக்கும் டெக்குக்கும் நடுவே எதுவும் இல்லை. அதைவிட மோசம் மறுநாள் நடப்பது. ஒரு முறை சவாரி போன பிள்ளை வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவரும். ஓட்டுபவர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார். பிள்ளை சக்கரத்துக்குப் பின்னே நிற்கிறது. சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயது ஆகாதவர்கள் இந்த வண்டியை ஓட்டக் கூடாது என்கிறது. பிள்ளைகளை உடன் ஏற்றிக்கொள்வதே கூடாது என்கிறது. புல் வெட்டும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் பெரியவர் ஒருவர் பார்வையில் வைக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தால் பிளேடை நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பி, கண்ணைக் கீழே இறக்கிப் பார்த்து எடுக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தேன் என்பதெல்லாம் இதில் செல்லாது.

இனி, கிழித்துப் போட்ட காரணம்.

இந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். ஆள் உட்கார்ந்தால் அமுங்கும். பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆள் எழுந்தாலோ விழுந்தாலோ அது விடுபட்டு இன்ஜினை அணைத்துவிடும், பிளேடும் நிற்கும். எழுந்த ஐந்து விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. அந்த வண்டியில் உள்ள பாகங்களிலேயே உயிரைக் காப்பாற்றுவது இதுதான். என்னிடம் வந்த வண்டிகளில் மூன்றில் ஒன்றாவது இதைக் கழற்றச் சொல்லித்தான் வந்தது.

காரணம் எல்லாருக்கும் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் ஒல்லி. மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் சீட்டிலிருந்து லேசாக எழும்பிவிடுவார்கள், இன்ஜின் அணைந்துவிடும். மழையில் நனைந்து சுவிட்ச் துருப்பிடித்திருக்கும். புது சுவிட்ச் சில நூறு ரூபாய்தான், ஆனால் பெங்களூரிலிருந்து வர நான்கு நாள் ஆகும். சனிக்கிழமை முதலாளி வருவதற்குள் புல் வெட்டியாக வேண்டும். இறங்கி ஒரு கிளையைத் தள்ளிவிட்டு ஏற வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது என்பார்கள். அப்போது மெக்கானிக் என்ன செய்வான்? இரண்டு கம்பியை உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கொடுப்பான். ஐந்து நிமிட வேலை. வண்டி இனி அணையவே அணையாது.

நானும் செய்தேன். ஒன்றல்ல, பல. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2013. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு விருந்தினர் இல்லத்து வண்டி. ஓட்டுபவன் அஞ்செட்டிப் பக்கத்துப் பையன், இருபத்து நான்கு வயது இருக்கும், ஐம்பது கிலோகூட இருக்க மாட்டான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வண்டி அணைகிறது என்று மேலாளர் கூட்டிவந்தார். சீட்டின் ஸ்பிரிங் கனமான ஆளுக்காகச் செய்தது. அதை இவன் எடைக்குத் தளர்த்தி வைத்திருக்கலாம். பல வண்டிகளில் அதற்கு வழி இருக்கிறது. அரை நாள் வேலை. நான் கம்பியை முறுக்கினேன். இருநூறு ரூபாய் வாங்கினேன். அந்தப் பையன் எனக்கு நன்றி சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து, காலை ஏழு மணி. ஐப்பசிப் பனியில் புல் நனைந்திருந்தது. பத்து மணிக்கு வெட்டினால் காய்ந்திருக்கும், ஆனால் விருந்தாளிகள் எட்டு மணிக்கு வருகிறார்கள். ஈரப்புல் டெக்குக்குள் களியாக அப்பிக்கொண்டது. லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, பிளேடு நெம்புகோலை இறக்கிவிட்டதாக நினைத்து இறங்கினான். நெம்புகோல் முழுதாக இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அணைய வேண்டிய நேரத்தில் அணையவில்லை, என் கம்பி இருந்ததால். ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கி வலது கால் டெக்குக்கு அடியில் போனது. மூன்று விரல்கள்.

லுங்கியும் ரப்பர் செருப்புமாக ஓட்டியது அவன் தவறு என்று மேலாளர் சொன்னார். ஷூ வாங்கிக் கொடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு என் பட்டறையில் அந்த வேலை கிடையாது. கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும். உங்கள் வாசகர்களில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு நிமிடம் போதும். சமதரையில், சுற்றிலும் ஆளில்லாமல் பார்த்துக்கொண்டு, பிரேக்கைப் பூட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பிளேடை இணையுங்கள். கால் இரண்டும் வண்டியின் கால் பலகை மேலேயே இருக்கட்டும். சீட்டிலிருந்து மெல்ல எழும்புங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அந்த வண்டியை அன்றைக்கு ஓட்டாதீர்கள். அதேபோல, பிளேடு இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது. ஸ்டார்ட் ஆகிவிட்டால், யாரோ இன்னொரு கம்பியையும் முறுக்கியிருக்கிறார் என்று பொருள்.

எழுத ஆரம்பித்துவிட்டேன், பட்டறையில் பார்த்த மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

டெக்கின் பக்கவாட்டில் வெட்டிய புல் வெளியே விழும் வாய்க்கு ஒரு மூடி தொங்கும். ஈரப்புல் அடைக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நம் மாவட்டம் கருங்கல் மாவட்டம். வீடு கட்டியபோது சிதறிய ஜல்லி, மேல்மண் கொட்டிப் புல் போட்ட பிறகும் மழைக்கு மழை மேலே வந்துகொண்டே இருக்கும். அதைப் பிளேடு அடித்தால் துப்பாக்கிக் குண்டுதான். கல்யாணத்துக்குப் புல்தரையை வாடகைக்கு விடும் இடங்களில் இன்னொன்று: பந்தல்காரர் பிடுங்க மறந்த இரும்பு முளை. ஒரு மண்டபத்து வண்டி என்னிடம் வந்தபோது பிளேடு கொக்கி போல வளைந்திருந்தது. முளையின் பாதி டெக்கைக் கிழித்துக்கொண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சீரியல் விளக்கு வயர், சொட்டுநீர்க் குழாய், சோடா மூடி எல்லாம் இந்த வரிசைதான். வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு வாளியோடு தரை முழுக்க நடந்து பொறுக்குவதற்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்கும் கூலி கொடுங்கள். கொடுக்காவிட்டால் யாரும் நடக்க மாட்டார்கள்.

சரிவைப் பற்றி. உட்கார்ந்து ஓட்டும் சாதாரண வண்டியில் சரிவில் மேலும் கீழுமாகத்தான் வெட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் பக்கவாட்டில் கவிழும். கையால் தள்ளும் வண்டிக்கு இதற்கு நேர் எதிர்: அதைக் குறுக்கே தள்ள வேண்டும், இல்லையென்றால் வண்டி நம் கால் மேலே ஏறிவிடும். இரண்டையும் ஒரே ஆள் ஓட்டும் இடத்தில் குழப்பம் வருகிறது. 15 டிகிரிக்கு மேல் சரிவென்றால் வண்டியே வேண்டாம் என்று பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். டிகிரி யாருக்குத் தெரியும்? நான் சொல்லிக்கொடுப்பது இது: பத்தடி நேர்க்கம்பு ஒன்றை எடுங்கள், ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வைத்து, ரசமட்டம் வைத்துக் கம்பை மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடையே இரண்டடி எட்டு அங்குலம் வந்தால் அதுதான் 15 டிகிரி. அதற்கு மேல் இருந்தால் கையில் பிடிக்கும் பிரஷ் கட்டருக்கு ஆள் வையுங்கள், அல்லது ஆடு கட்டுங்கள். ஆடு கவிழ்வதில்லை.

ஏறும்போது சக்கரம் வழுக்கினால் திருப்ப முயலக் கூடாது. பிளேடை நிறுத்தி நேராகக் கீழே இறங்க வேண்டும். பண்ணைக் குட்டை, பழைய கிணறு, கல் கட்டிய மேட்டின் விளிம்பு இவற்றுக்கு அருகே வண்டியின் அகலத்தில் இரண்டு மடங்காவது விட்டுவிட்டு அந்த மிச்சத்தைக் கையால் வெட்டுங்கள். விளைநிலத்தை வாங்கிப் புல்தரையாக்கிய இடங்களில் பாதிக்கு மேல் ஒரு கிணறு இருக்கிறது. சில பெரிய வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்தால் தாங்கும் இரும்பு வளைவு இருக்கும். அதை நிமிர்த்தி வைத்திருந்தால் பெல்ட் போட வேண்டும். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது, வண்டியோடு சேர்ந்து அடியில் மாட்டிக்கொள்வீர்கள். வளைவைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குச் சட்டம் போட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

டெக்கைச் சுத்தம் செய்யச் சாவியை எடுத்தால் போதாது, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்ற வேண்டும். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு வயர். இன்னொரு விஷயம் கையேட்டைப் படிப்பவர்களுக்குத்தான் தெரியும்: பிளேடுகள் எல்லாம் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. ஒன்றைக் கையால் திருப்பினால் பக்கத்துப் பிளேடும் திரும்பும். என் இடது மோதிர விரலில் ஐந்து தையல் அந்தப் பாடத்துக்கான கட்டணம்.

சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். தகரக் கொட்டகைக்குள் ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள், புகையில் மயக்கம் வரும். சின்ன யானை வேனில் ஏற்ற இரண்டு பலகை போட்டு வண்டியை ஓட்டி ஏற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கயிறு கட்டி இழுங்கள்.

அரசு என்ன செய்கிறது என்று சிலர் கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சுழலும் பாகங்களுக்குத் தடுப்புப் போடச் சொன்னது. ஆனால் பண்ணை வீட்டுப் புல்தரை தொழிற்சாலை ஆகாது. 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்களை நினைத்து எழுதிய சட்டம் அது. வேளாண்மையிலும் கிராமப்புறத்திலும் பயன்படும் வேறு இயந்திரங்களையும் மத்திய அரசு அறிவித்து அதில் சேர்த்துக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. புல்வெட்டும் வண்டியை அதில் சேர்க்கக் கோரி எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். என் கோரிக்கை அதைவிடச் சின்னது. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் பட்டறை வைத்திருக்கும் என் தொழில்காரர்கள் அந்தக் கம்பியை முறுக்க மறுத்தாலே போதும். நீங்களும் அடுத்த முறை இந்த வண்டியின் படம் போட்டால் மடியில் பிள்ளை இல்லாத படமாகப் பார்த்துப் போடுங்கள்.

விரல் போன பையன் இப்போது அஞ்செட்டியில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். போன பங்குனியில் கிரைண்டர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டு காசு வேண்டாம் என்றேன், வற்புறுத்திக் கொடுத்தான். கிளம்பும்போது கேட்டான்: "அண்ணா, அந்தக் கம்பி இன்னும் அந்த வண்டியில் இருக்கிறதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விருந்தினர் இல்லத்துக்குப் போய்க் கேட்டேன். விபத்து நடந்த அடுத்த ஆண்டே வண்டியை விற்றுவிட்டார்களாம். வாங்கியவர் தர்மபுரிப் பக்கம் யாருக்கோ கைமாற்றியிருக்கிறார். பாலக்கோடு, காரிமங்கலம் வரை விசாரித்தேன். கிடைக்கவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தில் மற்றதை இடம் போதாமல் வெட்டினாலும் இந்தப் பகுதியை வெளியிடுங்கள். வண்டி சிவப்பு நிறம். இரண்டு பிளேடு. இடது பக்கக் கால் பலகையில் ஒரு வெல்டிங் பற்று கோணலாக இருக்கும். என் மகன் அப்போது தொழில் பழகிக்கொண்டிருந்தான். முன்பக்க மூடியில் ஒரு விளக்கு இல்லை. அப்படி ஒரு வண்டி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டுச் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய இரண்டு கம்பிகள் தெரிந்தால் அது என் வேலை. என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுங்கள். வண்டியைக் கொண்டுவர முடியாவிட்டால் நானே வருகிறேன். அதற்கான சுவிட்ச் ஒன்றை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
இராயக்கோட்டைச் சாலை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.